வண்டிப்பெரியாறு பக்கம் டீ ஃபேக்டரியில் ஒரு மாத சம்மர் டிரெயினிங்: எதற்குப் போகலாம், எங்கே கோட்டை விடுகிறார்கள்

கம்பம், தேனி, மதுரைப் பக்கத்து ஃபுட் டெக்னாலஜி, பயோடெக், மெக்கானிக்கல் மாணவர்கள் பலர் மே மாதம் பிறந்ததும் குமுளி மலை ஏறுகிறார்கள். குமுளியைத் தாண்டி கோட்டயம் ரோட்டில் வண்டிப்பெரியாறு, பாம்பனார், பீர்மேடு என்று வழி நெடுகத் தேயிலைதான். தோட்டத்தில் பேச்சு பெரும்பாலும் தமிழ். அலுவலகப் பலகை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும், கொழுந்து எடை போடும் இடத்தில் தமிழ் கேட்கும். மொழிச் சிக்கல் இல்லாமல் ஒரு முழு உணவுத் தொழிற்சாலையைப் படிக்க நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்தில் இடம் இல்லை.

இங்கே எடை போடுவது சிடிசி தூள் (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்யும் குருணைத் தேயிலை) தயாரிக்கும் ஃபேக்டரிகள் தரும் பயிற்சியை. எந்த ஃபேக்டரி என்று பெயர் சொல்லப் போவதில்லை. வேலை முறை எல்லா இடத்திலும் ஒன்றுதான், பயிற்சியின் தரம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: 30 நாள், அதிகாலை ஷிஃப்டுக்கும் அனுமதி என்றால் தயங்காமல் போங்கள். 15 நாள், பகலில் மட்டும் என்றால் பாதிதான் தேறும். நாற்பது பேரைக் கூட்டமாக உள்ளே நடத்திவிட்டு ஐந்தாம் நாள் சான்றிதழ் தருகிற ஏற்பாட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். மூணாறு நல்லதண்ணியில் இருக்கும் டீ மியூசியத்தை ஒரு மணி நேரம் சுற்றினாலே அந்த அளவுக்குத் தெரிந்துவிடும். 1905ஆம் வருஷத்து ரோலரும் கூடவே பார்க்கக் கிடைக்கும்.

அதிகாலை ஷிஃப்ட் ஏன் அவ்வளவு முக்கியம்? பகலில் பறித்த கொழுந்து மதியத்திலும் சாயங்காலத்திலும் வந்து ட்ரஃபில், அதாவது வாட்டும் நீளத் தொட்டியில் ஏறுகிறது. ராத்திரி முழுக்க வாடுகிறது. விடிவதற்கு முன்பே பல இடங்களில் ரோலர் ஓடத் தொடங்கிவிடும். காலை 9 மணிக்கு வந்து 5 மணிக்குக் கிளம்பும் மாணவர் பெரும்பாலும் பார்ப்பது ட்ரையரின் கடைசி ஓட்டத்தையும் சிஃப்டரையும் (தூளைச் சலித்துப் பிரிக்கும் மெஷின்) பேக்கிங்கையும்தான். தேயிலையின் தரம் தீர்மானமாகும் மூன்று இடங்கள், அதாவது வாட்டு (கொழுந்தை வாட வைப்பது), வெட்டு (ரோலரில் நசுக்கிக் கிழிப்பது), புளிப்பு (வெட்டிய தூளைக் காற்றுபட வைத்து நிறம் மாற விடுவது) ஆகிய மூன்றும் அவர் அறையில் தூங்கும்போது முடிந்திருக்கும். ஆகவே சேருவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி உதவித்தொகை பற்றியது இல்லை. "ரோலர் எத்தனை மணிக்கு ஸ்டார்ட் சார், அப்போது நான் உள்ளே நிற்கலாமா?" என்று கேளுங்கள். அடுத்தது தங்கும் இடம். ஃபேக்டரியில் இருந்து நடக்கும் தூரத்தில் குவார்ட்டர்ஸ் இல்லையென்றால் அந்த அனுமதியால் பயன் இல்லை. பெண் பிள்ளைகளை அனுப்பும் வீட்டார் இதை ஃபோனில் விட்டுவிடாமல் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

எந்த முப்பது நாள் என்பதிலும் விஷயம் இருக்கிறது. மே 15 வாக்கில் சேர்ந்து ஜூன் நடுவில் முடிப்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாதியில் கோடை மழைக்குப் பின் துளிர்த்த கொழுந்து நிறைய வரும், பெரும்பாலும் ஈரமில்லாமல் வரும். ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் அதே தோட்டத்துக் கொழுந்து நனைந்து சொட்டச் சொட்ட வரும். ஒரே ஃபேக்டரி, ஒரே மெஷின், தயாரிப்பைக் கவனிக்கும் ஒரே டீமேக்கர், ஆனால் எல்லாக் கணக்கும் மாறும். அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்ப்பது இந்தப் பயிற்சியின் பெரிய லாபம்.

அந்தக் கணக்கு என்ன என்று பார்த்துவிடலாம். பச்சைக் கொழுந்தில் ஏறக்குறைய 78 சதவீதம் தண்ணீர். 10,000 கிலோ கொழுந்து வந்தால் அதில் காய்ந்த சரக்கு 2,200 கிலோ. வாட்டி 70 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் எடை 7,333 கிலோ ஆகும். ட்ரையரில் 3 சதவீதத்துக்கு இறக்கினால் 2,268 கிலோ தூள். நூற்றுக்கு 22.7 என்பது இதுதான், ஃபேக்டரியில் அவுட்டர்ன் என்பார்கள். வழியில் சிந்துவதும் தூசியாகப் பறப்பதும் போக நிஜத்தில் கொஞ்சம் குறையும். இப்போது மழைநாளை எடுங்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு இலைமேல் ஒட்டிய மழைத்தண்ணீர் என்றால், 10,000 கிலோ என்று எழுதிய சரக்கில் உண்மையான கொழுந்து 9,000 கிலோதான். தூள் 2,041 கிலோவில் நின்றுவிடும். அதனால்தான் சிறு விவசாயிகளிடம் கொழுந்து வாங்கும் ஃபேக்டரிகளில் ஜூன் மாதம் எடை மேடையில் வாக்குவாதம் நடக்கிறது. ஈரத்துக்கு எத்தனை கிலோ கழிப்பது என்பதுதான் அந்தச் சண்டை. கழிப்பவருக்கும் நியாயம் இருக்கிறது, மழையில் நனைந்து பறித்தவருக்கும் இருக்கிறது. கிளாஸில் போர்டில் போட்ட மாஸ் பேலன்ஸ் ஒரு குடும்பத்தின் வாரக் கூலியைத் தொடுவதை மாணவர் அங்கே நின்று பார்க்க வேண்டும்.

வாட்டு அறையில் குறைந்தது ஒரு வாரம் கேட்டு வாங்குங்கள். பார்க்க ஒன்றுமே நடக்காத இடம்போல இருக்கும்: நீளமான ட்ரஃப், வலைமேல் கொழுந்து, ஒரு முனையில் ஃபேன். சதுர மீட்டருக்கு 30 கிலோ வாக்கில் பரப்புவார்கள். அதற்குமேல் கொட்டினால் காற்று மேலே ஏறாமல் நடுவில் சூடு கட்டும். மாணவர்கள் அசட்டை செய்வது இந்த அறையைத்தான். டீமேக்கரோ ஷிஃப்டுக்குள் நுழைந்ததும் முதலில் இங்கேதான் வருவார். ஒரு கை கொழுந்தை அள்ளி, இறுக்கி உருட்டி, விரலைத் திறப்பார். உருண்டை சட்டென்று சிதறி, காம்பு படக்கென்று ஒடிந்தால் வாட்டு போதவில்லை. மெல்ல, தூக்கத்தில் இருந்து எழுவதுபோல் விரிந்தால் சரி. விரியாமல் அப்படியே பிசைந்த துணிபோல் கிடந்தால் அதிகம். "என்ன தம்பி, வாட்டு எத்தனை?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். முதல் வாரம் சொல்வதெல்லாம் தப்பாகத்தான் போகும். மூன்றாவது வாரம் ஈரம் அளக்கும் மீட்டர் காட்டும் எண்ணுக்கு இரண்டு சதவீதம் முன்பின்னாக வந்துவிட்டால் அந்த மாணவர் தேறிவிட்டார் என்று அர்த்தம்.

இதைச் சீக்கிரம் பழக ஒரு வழி உண்டு. நாலு நைலான் வலைப்பை, ஒரு சமையலறைத் தராசு போதும். ஒவ்வொரு பையிலும் சரியாக ஒரு கிலோ கொழுந்து போட்டு, ட்ரஃபில் ஃபேன் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசி முனையில் ஒன்று, ஓரச் சுவரை ஒட்டி ஒன்று என்று மற்ற கொழுந்தின் நடுவே புதைத்து வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து எடை போட்டு எழுதுங்கள். ஈரமில்லாத கொழுந்து 733 கிராமுக்கு வந்தால் 70 சதவீத ஈரம். மழைக் கொழுந்தில் மேல்தண்ணீர் பத்தில் ஒரு பங்கு என்றால் 660 கிராம் வரை இறங்க வேண்டும். கூடவே ஈர பல்ப், உலர் பல்ப் வெப்பமானி இரண்டையும் பார்த்து எழுதுங்கள். இரண்டுக்கும் இடைவெளி இல்லாத, அதாவது காற்றே ஈரத்தால் நிறைந்த மழை ராத்திரியில் வெறும் காற்றை எவ்வளவு ஊதினாலும் கொழுந்து வாடாது, சூடு காற்று கலக்க வேண்டும் என்பது நாலு எண்ணிலேயே புரிந்துவிடும். நான்கு பையும் ஒரே மாதிரி இறங்காது என்பதும் தெரியும். அந்த வித்தியாசத்தை இருபது ராத்திரி எழுதி வைத்தால் அதுவே ஒரு நல்ல புராஜெக்ட் ரிப்போர்ட். நெட்டில் இருந்து எடுத்த ஃப்ளோசார்ட்டை ஒட்டிய முப்பது பக்கத்தைவிட, பேராசிரியர் இந்த ஆறு பக்கத்தைத்தான் நிறுத்திப் படிப்பார்.

வாட்டு குறைந்தால் என்ன கெடும் என்று கேட்பவருக்கு: அதே 10,000 கிலோவை 74 சதவீத ஈரத்திலேயே ரோலருக்கு அனுப்பினால் எடை 8,462 கிலோ. ட்ரையர் விரட்ட வேண்டிய தண்ணீர் 5,065 கிலோவில் இருந்து 6,194 கிலோவாக ஏறும். ஆயிரத்து நூறு கிலோவுக்கு மேல் அதிகத் தண்ணீர், அதற்கெல்லாம் விறகு. ரோலரில் இலை வெட்டுப்படாமல் கூழாகும், தூள் உருண்டு வராமல் பட்டையாகும். தப்பு நடந்த இடம் ஒன்று, தெரியவரும் இடம் மூன்று மெஷின் தள்ளி. தொழிற்சாலை வேலையில் இதைவிட முக்கியமான பாடம் வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை.

கொழுந்துப் பரிசோதனை சின்ன வேலை, விட்டுவிடக் கூடாது. பல சாக்கில் இருந்து பிடி பிடியாக எடுத்து, 100 கிராம் நிறுத்து, இளம் கொழுந்தை ஒருபுறம், முற்றினதை ஒருபுறம் பிரித்து எடை போட வேண்டும். இரண்டு இலை ஒரு மொட்டும் அதை ஒட்டிய இளசும் 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்ல சரக்கு என்பது நடைமுறை. கையால் கிள்ளியதற்கும் கத்தரி போட்டு வெட்டியதற்கும் உள்ள வித்தியாசம் இந்தத் தட்டில் அப்பட்டமாகத் தெரியும். சாக்கை அமுக்கிக் கட்டி, வெயிலில் லாரியை நிறுத்திவைத்தால் நடுவில் கொழுந்து சிவந்திருக்கும். கசங்கிய இலையில் நொதி வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தச் சிவப்பைப் பிறகு எந்த மெஷினாலும் சரி செய்ய முடியாது.

மெக்கானிக்கல் மாணவர்கள் ரோலர் பெஞ்சை விட்டு நகராதீர்கள். ஜோடி ரோலரில் ஒன்று மெதுவாக, மற்றது ஏறக்குறைய பத்து மடங்கு வேகமாக, எதிரெதிராகச் சுற்றும். அங்குலத்துக்கு 8 அல்லது 10 பல். இலை நாலைந்து ஜோடியைத் தாண்டும்போது நசுங்கி, கிழிந்து, சுருளும். பல் மழுங்கினால் ரோலர் வெட்டாமல் தேய்க்கும், தேய்ப்பதால் தூள் சூடேறும், நார் அதிகம் வரும். அதனால் ஓடிய மணியைக் கணக்கு வைத்து, நூறு மணி வாக்கில் ரோலரைக் கழற்றிக் கூர் போடுவார்கள். அந்த லெட்ஜரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்தத் தேதியில் கூர் போட்டார்கள், அதற்கு முந்திய இரண்டு நாள் நார் எத்தனை கிலோ விழுந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும், மழுங்கலின் விலை என்ன என்று தெரிந்துவிடும். வொர்க்‌ஷாப் சேட்டன்மார் பெரும்பாலும் மலையாளிகள். தமிழில் கேட்டாலே சொல்லித் தருவார்கள், ரோலர் அலைன்மென்ட் பார்க்கும்போது கூட நிற்க விடுவார்கள். ஒன்று மட்டும் கண்டிப்பு: சிக்கிய இலையை ஓடும் ரோலரில் கைவைத்து எடுக்கவே கூடாது. துப்பட்டா, தொளதொள சட்டைக் கை, ஐடி கார்டு கயிறு, விரித்த முடி எதுவும் அந்த அறைக்குள் வேண்டாம். முதல் நாள் இதைச் சொல்லாமலேயே உள்ளே விடுகிற ஃபேக்டரி என்றால் மற்ற பயிற்சியும் அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

புளிக்க வைப்பது என்று ஃபேக்டரியில் சொன்னாலும் இதில் ஈஸ்ட் எதுவும் கிடையாது, காற்றுபட்டு நொதி செய்யும் வேலை. 45 நிமிடத்தில் இருந்து ஒன்றரை மணி நேரம் வரை, 25 டிகிரியை ஒட்டிய சூடு, ஈரக் காற்று. பச்சைத் தூள் செம்பு நிறத்துக்கு வரும். முதலில் அறுத்த புல் வாசனை. அது அடங்கிப் பழ வாசனை எழும் இடம் ஒன்று உண்டு, ட்ரையருக்கு அனுப்பும் நேரம் அது. தாண்டினால் வாசனை தணிந்து, கோப்பையில் நிறம் இருக்கும், உயிர் இருக்காது. பாடப் புத்தகத்தின் தியாஃப்ளேவின், தியாரூபிஜின் (தேநீருக்கு நிறமும் விறுவிறுப்பும் தரும் பொருட்கள்) இரண்டும் உருவாகும் இடம் இது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முகர்ந்து, நேரத்தோடு எழுதுங்கள். தூள் புளிக்கும் பெல்ட்டின் ஓரத்தில் முந்தின நாள் தூள் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஒரு பிடி பழைய தூளில் வளரும் கிருமியால் முழு ஓட்டமும் புளிப்பு அடித்துப்போன கதைகள் எல்லா ஃபேக்டரியிலும் உண்டு.

ட்ரையர், சிஃப்டர் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை, பகலில் நன்றாகவே காட்டுவார்கள். இரண்டை மட்டும் கவனியுங்கள். உள்ளே போகும் காற்று 120 முதல் 140 டிகிரிக்குள் இருக்கும். அவசரப்பட்டு அதற்குமேல் ஏற்றினால் துகளின் வெளித்தோல் காய்ந்து, உள்ளே ஈரம் தங்கும். மீட்டர் சரி என்று சொல்லும், மூட்டைக்குள் போய்ப் பூசணம் வாடை வரும். சிஃப்டிங் அறையில் நார் எடுக்கும் ரோலர் உரசலில் வரும் நிலைமின்சாரத்தால் நாரை இழுக்கிறது. மழைநாளில் காற்றில் ஈரம் ஏறினால் அந்த இழுப்பு குறையும், அறையில் கிடக்கும் தூளும் ஈரத்தைக் குடிக்கும். இங்கே மாஸ்க் போடாமல் நிற்காதீர்கள். தூசி கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி.

கிளாஸில் கிடைக்காத இன்னொன்று டேஸ்டிங் மேசை. ருசி பார்க்க டீ போடும் முறைக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 3103 சொல்கிற அளவு 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிடம். ஃபேக்டரிகளில் 5 நிமிடமும் வழக்கம். அளவு எதுவானாலும் எல்லாக் கோப்பைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். சத்தமாக உறிஞ்ச வெட்கப்படாதீர்கள், மூக்கின் பின்புறம் வாசனை ஏற அப்படித்தான் உறிஞ்ச வேண்டும். ஊறிய சக்கையின் நிறத்தையும் பாருங்கள். செம்புபோல் மின்னினால் மேலே சொன்னதெல்லாம் சரியாக நடந்திருக்கிறது. பச்சையோ கறுப்போ தட்டினால் எந்த இடத்தில் பிசகியது என்று பின்னோக்கித் தேடலாம். லேபில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அளவுகளையும் செய்து பார்க்கக் கேளுங்கள்: மொத்தச் சாம்பல் 4 முதல் 8 சதவீதம், நீரில் கரைவது குறைந்தது 32, நார் 16.5க்கு மேல் போகக் கூடாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். லேப் பெரும்பாலான இடங்களில் ஒரு மீட்டர், ஒரு தராசு, ஒரு ஓவனோடு முடிகிறது. மைக்ரோபயாலஜி கற்க வருபவர்களுக்கு இங்கே வேலை இல்லை. ஆள் பற்றாக்குறை உள்ள ஃபேக்டரியில் மாணவரை பேக்கிங்கில் மூட்டை எண்ண நிறுத்திவிடுவார்கள். இரண்டு நாள் எண்ணலாம், பத்து நாள் எண்ணினால் அது பயிற்சி இல்லை. சேரும் அன்றே எந்தப் பிரிவில் எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கொழுந்து வரத்து குறைந்த ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடும். பீர்மேட்டில் 2000ஆம் ஆண்டில் இருந்தே பூட்டிக் கிடக்கும் எஸ்டேட்டுகளும் உண்டு. போகும் முன் வாரத்தில் எத்தனை நாள் ஓட்டம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கொழுந்து மேட்டுக்கும் ஒருநாள் போய்விட்டு வாருங்கள். ஃபேக்டரிக்குள் மட்டும் நின்றால் தேயிலை என்பது மெஷின் சமாச்சாரம் என்று தோன்றிவிடும். 2015 செப்டம்பரில் மூணாறில் பெண்பிள்ளை ஒருமை என்று திரண்டு, போனஸுக்காகவும் கூலிக்காகவும் ரோட்டில் உட்கார்ந்த பெண்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் கொழுந்தெடுக்கும் தொழிலாளிகள். உங்கள் தட்டில் 65 சதவீதம் என்று எழுதும் எண்ணை உண்டாக்குகிறவர்கள் அவர்கள்தான். எடை மேடையில் நிற்கும் அக்காவிடம் முற்றின இலை ஏன் வருகிறது என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். எத்தனை நாள் பறிப்புச் சுற்று தள்ளிப்போனது, எந்த வயலில் ஆள் இல்லை, நாள் கணக்குக்கு எத்தனை கிலோ எடுத்தாக வேண்டும் என்று அவர் சொல்லும் பதில் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

கொண்டுபோக வேண்டியவை: பென்சில், கெட்டி அட்டை நோட்டு (ட்ரஃப் அறையின் ஈரத்தில் ஜெல் பேனா மை ஊறிவிடும்), மூடிய ஷூ, தொப்பி, மாஸ்க், ஸ்வெட்டர், குடை. கம்பத்து மே மாத வெயிலை நினைத்துக்கொண்டு ஸ்வெட்டர் இல்லாமல் போனால் விடிகாலை ஷிஃப்டில் நடுங்குவீர்கள். அட்டைப்பூச்சி கடிக்கும், உப்போ புகையிலைத் தூளோ ஒரு சின்னப் பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வாரம் ஒரு வேலை பாக்கி இருக்கும். நீங்கள் வலைப்பை வைத்து எடை பார்த்த ஏதாவது ஒரு நாளின் தூளை, கிரேடும் (சலித்துப் பிரித்த ரகம்) இன்வாய்ஸ் எண்ணும் (ஏலத்துக்கு அனுப்பும் சரக்கின் எண்) சேர்த்து, நோட்டில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மூட்டைகள் 1947இல் இருந்து நடக்கும் கொச்சி ஏலத்துக்கோ கோயம்புத்தூர் ஏலத்துக்கோ போய், புரோக்கரின் ருசிக் குறிப்போடு விலை திரும்பி வருவதற்குள் நீங்கள் ஊருக்குப் போயிருப்பீர்கள். கிளம்பும்போது டீமேக்கரிடம் சொல்லிவைத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து ஃபோன் போட்டு அந்த இன்வாய்ஸுக்கு என்ன குறிப்பு வந்தது, கிலோ என்ன விலை போனது என்று கேளுங்கள். நார் என்று எழுதியிருந்தால் அன்றைய ரோலர் மணியைப் பாருங்கள், மந்தம் என்று எழுதியிருந்தால் அன்றைய புளிப்பு நேரத்தைப் பாருங்கள். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை அதுவரை காலியாக விட்டுவையுங்கள்.